தங்கமீன் கவிழாமல் இருக்க: தீனியும் வயிறும்

கடைத் தொட்டிகளில் தங்கமீன் என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான உடம்புகள் நீந்துகின்றன. நீண்ட உடம்பும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரணத் தங்கமீன், கொமெட், ஷுபுன்கின் ஆகியவை ஒரு விதம். குட்டையாக உருண்டு, இரட்டை வாலோடு வரும் ரியூகின், ஒராண்டா, ராஞ்சு, பேர்ல்ஸ்கேல், டெலஸ்கோப் போன்றவை மற்ற விதம். முதல் வகை தீனியில் சில தவறுகளைத் தாங்கிக்கொண்டு நேராகவே நீந்தும். இரண்டாம் வகைதான் ஒரு காலையில் வயிறு மேலே தெரிய மிதக்கும். பிள்ளைகள் "செத்துப்போச்சு" என்று அழுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் செவுள் அசைந்துகொண்டிருக்கும். இந்த அத்தியாயம் அந்தக் குண்டு மீனுக்கானது. ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு மாடி வீட்டின் வரவேற்பறையில் தொட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தண்ணீர், வடிகட்டி, தொட்டியின் அளவு பற்றி முன்னைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இங்கே தீனி மட்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. கெண்டை இனத்து மீன்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அமைப்பு. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைபட்ட தீனி நேரே குடலுக்குள் இறங்குகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்து வைத்து மெல்ல மெல்ல அனுப்ப அதனிடம் ஒரு பை இல்லை. அதனால்தான் அது நாள் முழுக்கத் தரையைக் கிளறி, பாசியைக் கடித்து, சிறுகச் சிறுகத் தின்றுகொண்டே இருக்கிறது. ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் "போதும்" என்று அது நிறுத்தாது. குடல் நிரம்பிய பிறகும் தின்னும்.

குடலுக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டினாற்போல் காற்றுப்பை இருக்கிறது. அதற்கு இரண்டு அறைகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உணவுக்குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அந்தப் பைக்குப் போகிறது. பையில் உள்ள வாயுவின் அளவைக் கூட்டியும் குறைத்தும்தான் மீன் எந்த ஆழத்திலும் சிரமமில்லாமல் நிற்கிறது. நீண்ட உடம்புத் தங்கமீனில் இந்த இரண்டு அறைகளும் தாராளமாக அமைந்திருக்கும். குண்டு மீனில் முதுகெலும்பு குறுகி வளைந்திருப்பதால் பின்னறை சிறுத்து, சிலவற்றில் சரிந்து, இன்னும் சிலவற்றில் பெயரளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். அதே குறுகிய இடத்தில்தான் நீளமான குடலும், ஈரலும், பெண் மீனானால் முட்டைகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒன்று வீங்கினால் மற்றொன்றை அழுத்தும். குடல் நிறைந்தால் காற்றுப்பை நசுங்கும் அல்லது இடம் மாறும். மீன் ஒரு பக்கம் சாயும்.

சீனாவிலும் ஜப்பானிலும் பல நூறு ஆண்டுகளாக மனிதர்கள் தேர்ந்து தேர்ந்து பெருக்கியதன் விளைவு இந்த உடம்பு. இரட்டை வாலுக்குக் காரணம் கோர்டின் என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் என்று 2014இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உடம்பின் வடிவம் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தீனியால் மாற்ற முடியாது. ஆனால் அந்த வடிவத்துக்கு ஏற்றபடி தீனி கொடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவும் வளர்ப்பவரிடம் கேட்பது அதைத்தான்: விலங்கின் இனத்துக்கும் தேவைக்கும் பொருந்திய தீனியும் பராமரிப்பும். நாய்க்கும் பூனைக்கும் போலவே தொட்டியில் இருக்கும் மீனுக்கும் அது பொருந்தும்.

தீனியால் மீன் சாய்வதற்குப் பல வழிகள் உண்டு. மேற்பரப்பில் மிதக்கும் தீனியை எட்டி எட்டிக் கவ்வும்போது கூடவே காற்றையும் விழுங்குகிறது. உலர்ந்த தீனி உள்ளே போய் ஊறி உப்புகிறது. மாவுச்சத்து மிகுந்த தீனி சரியாகச் செரிக்காமல் குடலில் தங்கி வாயுவை உண்டாக்குகிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இவை எல்லாமே இன்னும் மெதுவாகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, மாதக்கணக்கில் அளவுக்கு மீறிக் கொடுத்த தீனி ஈரலைச் சுற்றிக் கொழுப்பாகப் படிந்து, ஏற்கனவே குறுகிய இடத்தை மேலும் குறுக்குகிறது. கடைசியாகச் சொன்னது வெளியே தெரியாமல் நடப்பதால் அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

எவ்வளவு

"இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு" என்று தீனி டப்பாக்களில் அச்சிட்டிருக்கும். பசித்த ஒராண்டா இரண்டு நிமிடத்தில் தன் நாள் தேவையைப் போல் மூன்று மடங்கைத் தின்றுவிடக் கூடியது. ஆகவே நேரத்தை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள்.

மீனின் எடையை ஒருமுறை பார்த்து வையுங்கள். சமையலறைத் தராசில் தொட்டித் தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தை வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நன்றாக நனைத்த கையால் மீனை ஏந்தி அதற்குள் விடுங்கள். காட்டும் எண்தான் மீனின் எடை. வலையில் தூக்கினால் ஒராண்டாவின் தலைச்சதையும் பேர்ல்ஸ்கேலின் செதிலும் உரசிக் காயப்படும், கைதான் நல்லது. வளர்ந்த குண்டு மீனுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் உலர்தீனி போதும். மீன் 60 கிராம் என்றால் 0.6 கிராம். கால் தேக்கரண்டிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். முதல் தடவை அளந்து பார்க்கும் எல்லோரும் "இவ்வளவுதானா?" என்றே கேட்பார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட வளரும் மீனுக்கு 2 சதவீதம் வரை கொடுக்கலாம். அதை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். இரைப்பை இல்லாத மீனுக்கு, அளவு எவ்வளவு முக்கியமோ அந்த அளவைப் பிரித்துக் கொடுப்பதும் அவ்வளவு முக்கியம்.

நம் வீடுகளில் அளவு தவறுவதற்கு ஒரு பெரிய காரணம், தீனி போடுகிறவர் ஒருவராக இல்லாதது. அப்பா காலை வேலைக்குப் போகுமுன் போடுவார். பிள்ளை பள்ளிவிட்டு வந்து போடும். அம்மம்மா மாலையில், "பாவம், வாயைத் திறந்து திறந்து கேட்குது" என்று இன்னொரு கை போடுவார். மீன் எல்லோரிடமும் கேட்கும். அதன் இயல்பு அது. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அபோதேக்கவில் (மருந்தகத்தில்) கிடைக்கும், ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஞாயிறன்று உட்கார்ந்து வாரத்தின் தீனியை அளந்து நிரப்பிவிடுங்கள். நாளின் அறை காலியாக இருந்தால் மீன் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். தீனி டப்பா அலமாரியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் அறையை வெறுமையாக விடுங்கள். அன்று மீன் பாசியை மேய்ந்துகொண்டு இருக்கும், குடல் காலியாகும். பட்டினி போடுகிறோமே என்று வருந்த வேண்டாம். நலமாக இருக்கும் வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தீனி இல்லாமலும் நன்றாக இருக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம் கோடையில் உதவும். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் பள்ளிக்கூடங்கள் ஆறு வாரத்துக்கு மேல் மூடியிருக்கும். அப்போது பல குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ போய்விடும். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் குண்டு மீனுக்கு வரும் பெரிய ஆபத்து. அவர் அன்பானவர், அன்பாகக் கொட்டுவார். டப்பாவைக் கொடுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று அளந்து, ஒவ்வொன்றிலும் தேதியை எழுதி, ஜேர்மன் மொழியில் ஒரு துண்டுச் சீட்டில் "இதற்கு மேல் வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். தானியங்கித் தீனிப்பெட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. தொட்டி மேல் எழும் ஈரத்தில் தீனி ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஒன்றும் விழாது. பிறகு ஒரே நாளில் கட்டியாக விழும். "விடுமுறைத் தீனி" என்று விற்கும் கட்டிகளும் தண்ணீரைக் கெடுப்பதில்தான் முடியும்.

எது

செதில் தீனி ஜேர்மனியில் பிறந்து உலகம் முழுதும் போனது. மெல்லே நகரத்து டெட்ரா நிறுவனத்தைத் தொடங்கிய உல்ரிஷ் பென்ஷ் 1955இல் கொண்டுவந்த டெட்ராமின்தான் வெப்பமண்டல மீன்களை வீட்டில் வளர்ப்பதை எளிதாக்கியது. ஆனால் செதில் தீனி மேற்பரப்பில் மிதக்கிறது. குண்டு மீனோ கீழே தேடித் தின்ன வேண்டும். ஆகவே மூழ்கும் குறுணையை வாங்குங்கள். டப்பாவில் "சிங்கெண்ட்" என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். டப்பாவின் பின்புறத்தில் ரோபுரோட்டெயின், ரோஃபெட், ரோஃபாஸர் என்று மூன்று வரிகள் இருக்கும். முறையே புரதம், கொழுப்பு, நார்ச்சத்து. வளர்ந்த குண்டு மீனுக்குப் புரதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள்ளும், கொழுப்பு குறைவாகவும் இருப்பது நல்லது. சேர்மானப் பட்டியலில் முதலாவதாகக் கோதுமையோ "கெட்ரைடே" (தானியம்) என்ற பொதுச்சொல்லோ இருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மீன்மாவு, இறால்மாவு, ஸ்பிருலினா போன்றவை முன்னால் இருக்க வேண்டும்.

குறுணையை ஊறவைப்பதா வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். மிதக்கும் குறுணையாக இருந்தால் ஊறவைத்தே ஆக வேண்டும். காற்று வெளியேறி மூழ்கும் வரை போதும். மூழ்கும் குறுணையையும் சில நிமிடம் நனைத்தால் குடலுக்குள் போய் உப்புவது குறையும். ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் ஊறினால் நீரில் கரையும் வைட்டமின்கள், முக்கியமாக சி வைட்டமின், தண்ணீரோடு போய்விடும். தீனியை ஒரு கரண்டித் தொட்டித் தண்ணீரில் போட்டு, நீங்கள் தேநீர் ஊற்றி வரும் நேரத்துக்குள் எடுத்துக் கொடுங்கள். அது சரியான அளவு.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். பரந்த குளத்தில் திரியும் கெண்டைக்கு அது ஒரு கடி. குறுகிய வயிற்று ராஞ்சுவுக்கு அது முழுக்க மாவும் காற்றும். பொரி, பாண், சோறு, முறுக்குத் துண்டு எதுவும் குண்டு மீனின் தொட்டிக்குள் போகக் கூடாது. பெரியவர்களிடம் இதைச் சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். தடுப்பதைவிட, ஒரு துண்டு வேகவைத்த சுக்கினியை அவர்கள் கையில் கொடுத்து "இதைப் போடுங்கோ" என்பது எளிது. போடும் மகிழ்ச்சியும் அவர்களுக்குக் கிடைக்கும், மீனுக்கும் நல்லது.

காய்கறிகளில் சுக்கினி, ஸ்பினாட், சலாது ஆகியவற்றை ஆவியில் மெதுவாக வாட்டி, ஆறவைத்துக் கொடுக்கலாம். ஸ்பினாட்டில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தொட்டியில் வளரும் எகேரியா போன்ற நீர்ச்செடிகளையும் மீன் மேய்ந்து தின்னும். அது அதன் இயல்புக்கு மிக நெருங்கிய தீனி. இங்கே ஒரு எச்சரிக்கை. எசனின் தென்பக்கத்தில் 1930களின் தொடக்கத்தில் ரூர் ஆற்றைத் தடுத்து உருவாக்கிய பால்டெனை ஏரியில் பல கோடைகளில் நீர்ப்பெஸ்ட் என்ற செடி காடாக மண்டும்; ரூர் நதிச் சங்கம் அதைப் படகில் சென்று வெட்டி எடுக்கும். கரையோரம் அள்ளக் கிடைக்கும் அதை இலவசத் தீனி என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கே மண்டுவது பெரும்பாலும் குறுகிய இலை கொண்ட வகை. அது 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருப்பதும் எடுத்துச்செல்வதும் தடை. அதோடு காட்டு மீன்களின் ஒட்டுண்ணிகளும் நத்தைகளும் சேர்ந்து வரும். கடையில் வாங்கிய செடியையும் ஓர் இரவு தனி வாளியில் வைத்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

சிற்றுயிர்த் தீனிகளில் என் முதல் தேர்வு டாஃப்னியா. இங்கே கடைகளில் "வாசர்ஃப்ளோஹே" என்ற பெயரில், சிறு கட்டங்களாக உறைய வைத்து விற்பார்கள். அதன் ஓடு செரிக்காமல் குடலைத் துடைத்துக்கொண்டு போவதால் மலச்சிக்கலுக்கு நல்லது. ஒரு கட்டத்தைச் சிறு வடிகட்டியில் போட்டுக் குளிர்ந்த நீரில் கரைத்து, கலங்கல் நீரை ஊற்றிவிட்டுக் கொடுங்கள். சிவப்புக் கொசுப்புழு சுவையானது. மீன் பாய்ந்து வரும். ஆனால் சத்து மிகுந்தது. வாரத்துக்கு ஒருமுறை போதும். அதைத் தொடும்போது சிலருக்குக் கண்ணரிப்பும் மூச்சுத்திணறலும் வரும். பிள்ளைகள் கையால் எடுக்க வேண்டாம். சென்னை கொளத்தூர் வழியாக வந்தவர்களுக்கு டியூபிஃபெக்ஸ் புழு பழக்கமானதாக இருக்கும். குஞ்சுகளை விரைவாக வளர்க்க அங்கே அது பயன்படுகிறது. வளர்ந்து முடிந்த மீனுக்கு அந்தக் கொழுப்பு தேவையில்லை. சேற்றிலிருந்து வரும் புழுவில் நோய்க்கிருமியும் கூடவே வரும்.

இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வீட்டிலேயே செய்யும் ஜெல் தீனிதான் குண்டு மீனுக்கு மிகவும் ஒத்துப்போகிறது என்பது என் முடிவு. அது மூழ்கும், ஈரமாக இருக்கும், உப்பாது, எவ்வளவு நார் வேண்டுமோ அவ்வளவு சேர்க்கலாம். ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கப்படுவதால் பலர் அதைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள்; ஆசியக் கடைகளில் கிடைக்கும் அகர் அகர் தூள் (நம்மவர் கடற்பாசி என்பது) அதைவிட நன்றாக உறையும். தோலுரித்த பட்டாணியும் சுக்கினியும் சேர்த்து 150 கிராம், வேகவைத்த இறால் அல்லது வெள்ளை மீன் 100 கிராம், நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் குறுணை 30 கிராம். எல்லாவற்றையும் மிக்சியில் மை போல அரைத்து வையுங்கள். இறாலையும் மீனையும் வேகவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சையான இறாலிலும் பல மீன்களிலும் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. சூட்டில் அது செயலிழக்கும். வேறொரு பாத்திரத்தில் 250 மில்லிலீட்டர் தண்ணீரில் 5 கிராம் அகர் தூளைக் கரைத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கி விரல் வைத்தால் நன்றாகச் சுடும் நிலைக்கு வந்ததும் அரைத்ததைக் கலக்குங்கள். மிகச் சூடாகக் கலந்தால் வைட்டமின் போகும். காத்திருந்தாலோ 40 டிகிரிக்குக் கீழே அகர் தானாகவே உறைந்து கட்டியாகும். அரைத்த கலவை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. அறைச்சூட்டில் இருக்க வேண்டும். தட்டையான தட்டில் ஊற்றி, உறைந்ததும் மீனின் கண்ணளவு துண்டுகளாக வெட்டி, ஒரு வாரத்துக்குரியதைத் தனித்தனிப் பையில் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். உப்பு, மஞ்சள், பூண்டு எதுவும் வேண்டாம். இந்தத் தீனியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் உலர்தீனியின் எடையைப் போல் நான்கைந்து மடங்கு கொடுக்கலாம்.

எசன் வீட்டின் சூடு

எசனில் குளிர்காலத்தில் பல வீடுகளில் இரவுக்கு ஹைட்சுங்கை (அறை சூடாக்கியை) குறைத்துவிடுகிறார்கள். எரிசக்தி விலை அப்படி. அறை 17 டிகிரிக்கு இறங்கினால், சூடாக்கி இல்லாத தொட்டியும் விடிவதற்குள் அதை நோக்கிக் குளிர்ந்துவிடும். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டில்தான் ஓடுகிறது. தண்ணீர் குளிர்ந்தால் குடலின் வேலையும் மெதுவாகிறது. 22 டிகிரியில் ஒரு நாளில் கடந்துபோகும் தீனி குளிரில் நெடுநேரம் உள்ளேயே கிடக்கிறது. வீட்டுக்காரர் காலையில் ஹைட்சுங்கைத் திறந்துவிட்டு, அறை சூடாகும் முன்பே, தொட்டி இன்னும் குளிராக இருக்கும்போது, தீனியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். குளிர்காலத்தில் மீன்கள் மிதக்கும் புகார் கூடுவதற்கு இதில் பெரும்பங்கு இருக்கிறது.

சிறு சூடாக்கி ஒன்றை வைத்து 20 முதல் 22 டிகிரிக்குள் நிலையாக வைத்திருப்பது குண்டு மீனுக்கு நல்லது. முடியாதவர்கள் வெப்பமானியைப் பார்த்துத் தீனி போடுங்கள். 20க்கு மேல் என்றால் முழு அளவு. 18க்குக் கீழே பாதி. அதுவும் பகலின் நடுவில், தண்ணீர் கொஞ்சம் சூடேறிய பிறகு. 15க்குக் கீழே போக விட வேண்டாம். பால்கனியிலோ தோட்டக் குளத்திலோ குளிர்காலத்தைக் கழிப்பது நீண்ட உடம்புத் தங்கமீனுக்கு ஒத்துவரும். ராஞ்சுவுக்கும் பேர்ல்ஸ்கேலுக்கும் அது துன்பம்.

சாய்ந்துவிட்டால்

சாய்ந்த மீனைப் பார்த்ததும் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரிலேயே லீட்டருக்கு 50 மில்லிகிராம் வரை நைட்ரேட்டுக்கு ஜேர்மன் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் தொட்டியில் சேர்வது பெரும்பாலும் மீனின் கழிவிலிருந்து வருவது. பிறகு தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். தீனிதான் காரணம் என்றால் பெரும்பாலும் இதிலேயே நேராகும்.

பட்டாணியைத் தனியாக மருந்து போலக் கொடுப்பதற்கு இப்போதுதான் இடம். வடக்குக் கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவர் கிரெகரி லியூபார்ட் 2000இல் ஒரு தொழில்முறை இதழில் எழுதிய சிறு குறிப்புக்குப் பிறகுதான் பட்டாணி வைத்தியம் உலகெங்கும் பரவியது. கடையில் உறையவைத்து விற்கும் உப்பில்லாப் பட்டாணியை எடுத்து, வெந்நீரில் மென்மையாகும் வரை வைத்து, தோலைப் பிதுக்கி எறிந்துவிட்டு, உள்ளிருப்பதை நசுக்கி நாளுக்கு ஒரு பட்டாணி வீதம் சில நாள் மட்டும் கொடுங்கள். டின்னில் வருவதில் உப்பும் சீனியும் இருக்கும், அது வேண்டாம். பட்டாணி ஒரு பயறு. அதில் மாவுச்சத்து நிறைய. மலச்சிக்கலைக் கலைக்க ஓரிரு நாள் உதவும். வாரம் முழுக்கப் பட்டாணியே கொடுத்தால் நீங்கள் தீர்க்க நினைத்த வாயுவை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

கழிவைக் கவனியுங்கள். நலமான மீனின் கழிவு தீனியின் நிறத்திலேயே, குட்டைத் துண்டுகளாக விழுந்து மூழ்கும். வெள்ளையாக, நூல் போல நீண்டு தொங்கினால் குடலில் தீனி இல்லை, அல்லது குடல் அழற்சி. காற்றுக்குமிழ்கள் கோத்த கழிவு மிதந்தால் உள்ளே வாயு இருக்கிறது. பட்டினி நாளுக்கு அடுத்த நாள் கழிவே வராவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

ஒரு வாரம் சரியான தீனியும் சரியான தண்ணீரும் கொடுத்தும் மீன் சாய்ந்தே இருந்தால் காரணம் தீனிக்கு வெளியே இருக்கிறது. காற்றுப்பையில் கிருமித் தொற்றாக இருக்கலாம். சிறுநீரகம் வீங்கி ஒரு பக்கம் பெருத்திருக்கலாம். முட்டை வெளிவராமல் அடைத்திருக்கலாம். பிறவியிலேயே பையின் பின்னறை குலைந்திருக்கலாம். வயிறு வீங்கி, செதில்கள் மேலே எழும்பி நின்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தொடர்ந்து பட்டாணி கொடுத்துக்கொண்டிருப்பது அந்த நாட்களை வீணாக்கும். ஜேர்மனியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் விலங்கு மருத்துவரின் சீட்டில்லாமல் கிடைக்காது. ஊரில் கடையில் வாங்கியதை இங்கே எடுத்து வந்து போடவும் வேண்டாம். மீன்களுக்கென்று சிறப்புத் தகுதி பெற்ற மருத்துவர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். ஹனோவர் விலங்கு மருத்துவக் கல்லூரியில் மீன் நோய்களுக்குத் தனிப் பிரிவே இயங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தால் பையின் இரண்டு அறைகளும் எப்படி இருக்கின்றன, குடலில் வாயு இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். சாய்வின் காரணத்தை உறுதியாகச் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

பிறவிக் குறையோடு சாய்ந்து வாழும் மீன்கள் உண்டு. தின்று, நீந்தி, ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. அவற்றுக்குத் தண்ணீரின் ஆழத்தைக் குறைத்துவிடுங்கள். உடம்பின் ஒரு பகுதி எப்போதும் காற்றில் தெரிந்தால் தோல் வறண்டு புண்ணாகும். அந்தப் பக்கத்தைத் தினமும் பாருங்கள். தீனியை முள்கரண்டியின் நுனியிலோ மழுங்கிய இடுக்கியிலோ வைத்து வாயருகே, தண்ணீருக்குள்ளேயே நீட்டுங்கள். ஜெல் துண்டு இதற்கு மிகவும் வசதி. மீன் தின்ன மறுத்து, அசையாமல் கிடந்து, துன்பம் தெளிவாகத் தெரிந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். வீட்டில் தன்னிச்சையாகக் கொல்வதைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கழிவறையில் விடுவது கொடுமை.

புதிதாக மீன் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். மிகவும் குறுகி உருண்ட மீனை விட்டு, முதுகு சற்று நீண்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வகை மீனிலும் உடம்பின் நீளம் மீனுக்கு மீன் வேறுபடும். கடைக்காரர் தீனி போடும் நேரத்தில் போய், தின்னும் முன்பும் தின்ற பத்து நிமிடத்துக்குப் பின்பும் மீன் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். தின்றதும் தலை தாழ்ந்து வால் மேலே எழும்பும் மீனை வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை: தொட்டித் தண்ணீர் ஒரு சிறு போத்தலில் தனியாக, தண்ணீர்ச் சோதனையின் எண்கள், மீனின் எடை, தீனி டப்பாவின் பின்புறப் படம், தீனிக்கு முன்னும் பின்னும் மீன் நீந்துவதைக் கைபேசியில் எடுத்த காணொளி, கடைசி ஒரு வாரத்தின் தொட்டி வெப்பநிலை. மீனைக் கொண்டுபோகும் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. அதற்கு முதல் நாள் தீனி வேண்டாம்.